பத்தாம் வாசல்

உடம்பை ஒன்பது வாசல் வீடு என்று சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். கண் இரண்டு, காது இரண்டு, மூக்கில் இரண்டு, வாய் ஒன்று, கீழே இரண்டு. பகவத் கீதையிலும் ஒன்பதுதான், சித்தர் பாடல்களிலும் ஒன்பதுதான். இழவு வீட்டுத் திண்ணையில் தத்துவம் பேசும் பெரியவரும் ஒன்பதில்தான் முடிப்பார். கடோபநிடதம் மட்டும் பதினொன்று என்கிறது. கூடுதலாக வரும் இரண்டு தொப்புளும் உச்சந்தலையும் என்று உரைகாரர்கள் கணக்கை நேர்செய்தார்கள். யோகத்தில் பேசப்படும் பத்தாம் வாசலும் உச்சியில்தான் இருக்கிறது.

கீழே இரண்டு என்பது ஆண் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு. பெண்ணுக்குக் கீழே மூன்று: முன்னால் சிறுநீர்த் துளை, நடுவில் யோனித் துளை, பின்னால் ஆசனவாய். பத்தாவதைத் தேடி உச்சந்தலை வரை போன மரபு, வீட்டிலிருந்த பெண்களைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை கிடைத்திருக்கும் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அதுவும் அத்தனை உறுதியில்லை. சிறுநீரும் மாதவிடாயும் ஒரே வழியாக வருவதாக நினைத்துக்கொண்டே பல ஆண்டுகள் வாழும் பெண்கள், படித்தவர்களிலும் உண்டு. பேச்சுத் தமிழில் அந்த இடம் முழுவதற்கும் ‘கீழே’, ‘அந்த இடம்’ என்றுதான் பெயர். மருத்துவர் ‘எங்கே எரிகிறது?’ என்று கேட்டாலும் அதே விடைதான் வரும். பாடநூல் தமிழில் ‘பிறப்புறுப்பு’ என்று ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டோம்.

விலங்குகளிடம் போனால் இந்த எண்ணிக்கை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில காலம் திறந்து சில காலம் மூடிக்கொள்வது என எல்லா வகையும் உண்டு.

ஒன்றிலிருந்து தொடங்கலாம். மெழுகுத் தட்டில் தவளையைக் குத்தி வைத்து அறுத்துப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் நோட்டில் வரைந்த படத்தின் அடியில் ‘பொதுப்புழை’ என்று ஒரு அறை இருந்திருக்கும். மலம், சிறுநீர், முட்டை அல்லது விந்து எல்லாம் அங்கே வந்து சேர்ந்து ஒரே துளை வழியாக வெளியேறும். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் அதற்குக் கிளோயகா என்று பெயர். லத்தீனில் அதற்குச் சாக்கடை என்று பொருள். பழைய ரோம் நகரின் பெரிய சாக்கடைக்கும் அதுவே பெயர். பெயர் வைத்தவர்களுக்கு அந்த இடத்தின் மேல் பெரிய மரியாதை இருந்திருக்காது.

அந்தப் படத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதை யாரும் நிறுத்திச் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை. ஆண் தவளையின் விந்து, விந்தகத்திலிருந்து மெல்லிய நாளங்கள் வழியே சிறுநீரகத்துக்குள்ளேயே நுழைகிறது. பிறகு சிறுநீர் இறங்கும் அதே குழாயில் இறங்குகிறது. பெண் தவளைக்கு இந்தப் பங்கு இல்லை. முட்டைக்கு ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய் எனத் தனித்தனியே வந்து பொதுப்புழையில் திறக்கின்றன. ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் ஆகியவற்றின் மரபில் பிற்பாடு புதிய சிறுநீரகமும் அதற்கெனப் புதிய சிறுநீர் நாளமும் உருவாயின. ஆணிடம் பழைய குழாய் சிறுநீர் வேலையிலிருந்து விடுபட்டு, விந்துக்கு மட்டும் உரியதாயிற்று. மனிதக் கருவிலும் இந்தப் பழைய சிறுநீரகம் சில வாரங்களுக்குத் தலைகாட்டிவிட்டு மறைகிறது. அதன் குழாய் ஆண் கருவில் மட்டும் தங்கி விந்துநாளம் ஆகிறது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் வெட்டிக் கட்டப்படுவது, மூலத்தில் ஒரு மூத்திரக் குழாய்.

கோழிக்கும் ஒரே துளைதான். ஆனால் உள்ளே முன்பின்னாக மூன்று அறைகள். மலம் முதல் அறைக்கு வருகிறது. சிறுநீரும் இனப்பெருக்கக் குழாயும் நடு அறையில் திறக்கின்றன. கடைசி அறை வெளிவாசல். கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் அதன் சிறுநீர். அது யூரிக் அமிலம், நீர் மிகக் குறைவு. இவ்வளவும் போகும் வழியில் முட்டை எப்படிச் சுத்தமாக வருகிறது? முட்டையிடும் கணத்தில் முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி உள்புறம் வெளியாகப் பிதுங்கி, துளைக்கு வெளியே வந்து முட்டையை வைத்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. முட்டையின் ஓடு மலப்பாதையை அநேகமாகத் தொடுவதே இல்லை.

இதே துளையை வைத்து ஒரு தொழிலும் பிறந்தது. பொரித்த அன்றே குஞ்சு சேவலா பெட்டையா என்று அறிய, எச்சத்துளையை விரலால் மெல்லப் பிதுக்கி உள்ளே இருக்கும் கடுகளவு மேட்டைப் பார்க்கும் முறையை 1920களிலும் 30களிலும் ஜப்பானியர் வளர்த்தெடுத்தார்கள். கைதேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு போலப் பார்த்துத் தள்ளுவார். உலகத்தின் முட்டைப் பண்ணைத் தொழில் இந்தக் கடுகளவு மேட்டின் மேல்தான் வளர்ந்தது. முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்கு அன்றே முடிவு.

கோழியின் அந்த வாசலையொட்டி ஒரு சிறு பை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரிசியுஸ் அதைக் கண்டெழுதினார். சேவலின் விந்தைச் சேமிக்கும் இடம் என்பது அவர் ஊகம், தவறான ஊகம். 1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளிடமிருந்து இந்தப் பையை வெட்டியெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளில் சிலவற்றை வகுப்புச் செய்முறைக்கு வாங்கிப்போன நண்பர், அவற்றின் இரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை என்று திரும்பி வந்தார். இதைப் பற்றிய கட்டுரை, பெரிய அறிவியல் இதழ் திருப்பியனுப்பிய பிறகு, 1956இல் கோழி வளர்ப்பு இதழ் ஒன்றில் வந்தது. எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களை இன்று ‘பி’ அணுக்கள் என்கிறோமே, அந்த ‘பி’ இந்தப் பையின் லத்தீன் பெயரின் முதலெழுத்து. சாக்கடை என்று பெயரிட்ட இடத்தின் ஓரத்தில் கிடந்தது இது.

பாலூட்டிகளிலும் ஒரு துளைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபசும் எக்கிட்னாவும் அடங்கும் வரிசையின் அறிவியல் பெயருக்கே ‘ஒற்றைத் துளை’ என்று பொருள். பால் கொடுக்கும் விலங்கு முட்டையிடுமா என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சண்டை போட்டார்கள். 1884இல் வில்லியம் கால்டுவெல் ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தியடித்து வழக்கை முடித்துவைத்தார்.

கங்காருவிடம் கதை சிக்கலாகிறது. உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யோனிகள். விந்து அவற்றின் வழியே போகும்; குட்டி அவற்றின் வழியே வராது. குட்டி வருவதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பாதை திறக்கிறது. பல பைம்மா இனங்களில் அந்த நடுப்பாதை ஒவ்வொரு பேற்றுக்குப் பிறகும் மூடிக்கொள்ளும். கங்காருவிடம் முதல் பேற்றுக்குப் பின் திறந்தே இருக்கும். இத்தனை சுற்றும் எதற்கு? சிறுநீர் நாளம் போகும் தடம்தான் காரணம். எல்லாப் பாலூட்டிக் கருவிலும் பெண் குழாய்கள் இடமும் வலமுமாக இரண்டு உருவாகின்றன. பைம்மாக்களில் சிறுநீர் நாளங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்து சிறுநீர்ப்பைக்குப் போகின்றன. நடுவில் குறுக்கே நிற்பதால் குழாய்கள் ஒன்றாகச் சேர முடிவதில்லை. நம்மைப் போன்றவற்றில் நாளங்கள் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகின்றன. தடையில்லாததால் இரு குழாய்களும் சேர்ந்து ஒரே கருப்பை, ஒரே யோனி. பெரிய தலையோடு பிள்ளை வெளியே வர இடம் கிடைத்ததும் இதனால்தான். அதற்கு விலையும் உண்டு. வெளிச்சுற்றில் வரும் நாளம், கருப்பை வாய்க்கு அருகே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தூரத்தில், கருப்பைத் தமனிக்கு அடியில் நுழைகிறது. கருப்பையை அகற்றும் மருத்துவர் தமனியைக் கட்டும்போது நாளத்தையும் சேர்த்துக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாடு, நாய், குதிரை போன்ற பெரும்பாலான பாலூட்டிகளின் பெண்ணுக்கு வெளியே தெரிவது இரண்டே வாசல். ஆசனவாய் ஒன்று, அதன் கீழே மற்றது. அந்த இரண்டாவது தெருவாசல் மாதிரி. தாண்டினால் ஒரு ரேழி. ரேழியின் உள்கோடியில் தரையில் சிறுநீர்த் துளை, நேரே யோனி. பசுவுக்கு இந்த ரேழி ஏறக்குறைய அரைச் சாண் நீளம். சிறுநீர்த் துளைக்கு அடியிலேயே ஒரு முட்டுச்சந்துப் பையும் உண்டு. சினை ஊசி போடுகிறவர் குழலை முதலில் மேல்நோக்கிச் சாய்த்து நுழைப்பது, அந்தத் துளையிலும் பையிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான்.

ரேழியிலேயே நீண்டது யானையுடையது. அதன் வாசல் வாலுக்கடியில் இல்லை, பின்னங்கால்களுக்கு இடையே வயிற்றுப் பக்கமாக இருக்கிறது. அங்கிருந்து மேலேறி வளைந்து யோனித் துளையை அடைய ஒரு மீட்டருக்கும் மேல் போக வேண்டும். அந்தத் துளையோ மிகச் சிறியது. ஈனும் வேளையில் குட்டி முதலில் வாலுக்கடியில் புடைப்பாகத் தெரியும். பிறகு உள்ளிருந்தபடியே கீழிறங்கும். செயற்கைக் கருவூட்டல் யானையிடம் நெடுங்காலம் கைகூடாததற்கு இந்த நீளமும் ஒரு காரணம். நீண்ட உள்நோக்குக் குழலும் ஸ்கேன் கருவியும் சேர்ந்த பிறகுதான் வழி பிறந்தது. இலங்கையில் தாயை இழந்து, 1976இல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலைக்குப் போன சாந்தி என்ற யானை, 2001இல் அந்த முறையில் ஒரு குட்டி ஈன்றது. குட்டிக்குக் கண்டூல என்று பெயரிட்டார்கள். எல்லாளனோடு போரிட்ட துட்டகைமுனுவின் யானைப் பெயர் அது.

புள்ளிக் கழுதைப்புலியிடம் தெருவாசலே இடம் மாறிவிட்டது. ஆப்பிரிக்காவில் வாழும் இந்த இனத்தின் பெண்ணுக்கு யோனித் துளை வெளியே கிடையாது; இரு பக்க உதடுகளும் ஒட்டி விதைப்பை போலத் தொங்கும். கிளிட்டோரிஸ் ஆண்குறி அளவுக்கு நீண்டிருக்கும். சிறுநீர், புணர்ச்சி, பேறு மூன்றும் அதன் நுனித் துளை வழியேதான். கழுதைப்புலி ஆணும் பெண்ணும் கலந்த பிறவி என்ற பேச்சு மிகப் பழையது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் அதை மறுத்தார். ஆனால் அவர் மறுத்தது நம் நாட்டிலும் திரியும் வரிக் கழுதைப்புலியைப் பார்த்து. புள்ளிக் கழுதைப்புலியைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. குட்டி வரும் பாதை சுமார் 60 சென்டிமீட்டர், நடுவே கொண்டை ஊசி வளைவு, தொப்புள்கொடியோ குட்டை. முதல் ஈற்றில் அந்தத் துளை கிழிந்தே குட்டிக்கு வழிவிடுகிறது, முதல் ஈற்றுக் குட்டிகளில் பாதிக்கும் மேல் பிழைப்பதில்லை. ஆண் ஹார்மோன்தான் காரணம் என்று முதலில் கருதினார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வுக்கென வளர்த்த கூட்டத்தில், சினையாக இருந்தவற்றுக்கு அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பெண் குட்டிகளுக்கு அப்போதும் அதே உறுப்பு இருந்தது.

மூன்று துளை மனிதப் பெண்ணுக்கு மட்டும் உரிய சிறப்பு என்று நினைக்க வேண்டாம். பெண் எலிக்கும் மூன்று தனித் துளைகள். யோனித் துளை பருவமடையும்போதுதான் திறக்கிறது. கினிப் பன்றிக்கு அது ஒரு சவ்வால் மூடியிருக்கும், சினைப்பருவத்திலும் ஈனும்போதும் மட்டும் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். இதைவிட எனக்குப் பிடித்தது நம் ஏரி குளங்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீன். அதாவது திலேப்பியா. அதன் அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தால் ஆணுக்கு இரண்டு துளை: ஆசனவாய் ஒன்று, சிறுநீரும் விந்தும் வரும் துளை ஒன்று. பெண்ணுக்கு மூன்று: ஆசனவாய், முட்டைத் துளை, சிறுநீர்த் துளை. மனிதருக்குள்ள அதே கணக்கு! ஆண் மீன் வேகமாக வளரும் என்பதால், சாயம் தடவித் துளைகளை எண்ணி ஆணை மட்டும் பிரித்து வளர்க்கும் முறை பண்ணைகளில் உண்டு. ஆனாலும் இது உறவால் வந்த ஒற்றுமை அல்ல. மீன் தன் வழியில் மூன்றுக்கு வந்தது, நாம் பொதுப்புழையைக் கூறுபோட்டு வந்தோம்.

அந்தக் கூறுபோடல் ஒவ்வொரு தாய் வயிற்றிலும் நடக்கிறது. நான்காவது வாரத்தில் மனிதக் கருவுக்கும் கோழியைப் போல ஒரே அறைதான். ஏழாவது வாரத்துக்குள் ஒரு தடுப்பு இறங்கி, பின்பக்கத்தை மலக்குடலாகவும் முன்பக்கத்தைச் சிறுநீர், இனப்பெருக்கப் பாதையாகவும் பிரிக்கிறது. வெளித்தோற்றத்தில் அப்போது ஆண், பெண் வேறுபாடு இல்லை. நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் மடிப்பு, மேலே ஒரு சிறு மேடு. 1947இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட், தாய் வயிற்றிலிருந்த முயல் கருக்களின் விந்தகத்தை நீக்கிப் பார்த்தார். அவை எல்லாம் பெண் உருவிலேயே வளர்ந்தன. விந்தகம் சுரக்கும் பொருள்கள் இருந்தால்தான் மடிப்புகள் ஒட்டிப் பள்ளம் குழாயாகும். ஒட்டிய தையல் ஆண்களின் உடம்பில் கோடாக எப்போதும் தெரியும். தையல் நுனி வரை போகாமல் நின்றுவிட்டால் துளை குறியின் அடிப்புறத்தில் திறந்திருக்கும். இருநூறு முந்நூறு ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. பெண் கருவில் மடிப்புகள் ஒட்டுவதில்லை. மற்ற விலங்குகளின் நீண்ட ரேழி இங்கே திண்ணை அளவுக்குச் சுருங்கி, இரண்டு உள்வாசல்களும் வெளியே வந்துவிட்டன.

மலக்குடலைப் பிரிக்கும் தடுப்பு முழுதாக இறங்காவிட்டால் பெண் குழந்தை ஒற்றைத் துளையோடு பிறக்கும். சுமார் 50,000 பிறப்புகளில் ஒன்று. இதை உள்ளே பிரித்து மூன்றாக அமைப்பது நெடுங்காலம் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற அறுவையாகவே இருந்தது. மெக்சிகோவின் ஆல்பர்த்தோ பேன்யா, பின்புறத்தை நடுக்கோட்டில் முழுவதும் திறந்து, தசைகளைக் கண்ணால் பார்த்தே செய்யும் முறையை வகுத்து, 1982இல் பீட்டர் டி விரீசோடு சேர்ந்து வெளியிட்டார். பிறந்த குழந்தையைத் திருப்பித் துளைகளை எண்ணிப் பார்ப்பது பேறு பார்ப்பவர்களின் முதல் வேலைகளில் ஒன்று.

ஆணின் ஒரே குழாய் இரண்டு வேலை பார்ப்பதால் நீளம் அதிகம், 18 முதல் 20 சென்டிமீட்டர். பெண்ணுடையது 4. பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு இந்த நான்கு சென்டிமீட்டரும், அதன் வாய் ஆசனவாய்க்கு அருகில் இருப்பதும் காரணங்கள். ஆணுக்கு நேரும் துன்பம் வேறு வகை. வெள்ளாட்டுக் கிடாயிடம் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதன் குழாய் நீளமாகவும் வளைந்தும் போய், நுனியில் புழு போன்ற ஒரு மெல்லிய நீட்சியில் முடிகிறது. இளம் வயதில் காயடித்தால் குழாய் பருக்காது. அதோடு தானியமும் அடர்தீவனமும் மிகுந்தால் கல் உண்டாகி அந்தப் புழுவில் சிக்கிக்கொள்ளும். கல்லடைப்பில் கிடாய் முக்கி முக்கி நிற்கும், வயிறு உப்பும். மருத்துவர் முதலில் செய்வது அந்த நுனியை வெட்டிவிடுவது. பெட்டை ஆட்டுக்கு இந்த அடைப்பு அபூர்வம். குட்டையும் அகலமுமான குழாயில் கல் தானாக வந்துவிடும்.

பெண்ணின் சிறுநீர்த் துளைக்கும் யோனிக்கும் நடுவே இருப்பது மெல்லிய சுவர். 1998இல் மெல்பர்ன் நகரச் சிறுநீரியல் மருத்துவர் ஹெலன் ஓகானல், அதுவரை பாடநூல்கள் ஒரு சிறு பொட்டாகக் காட்டிவந்த கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது என்றும், அது சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருக்கிறது என்றும் அறுத்துப் பார்த்து எழுதினார். இருபதாம் நூற்றாண்டு முடியப் போகும்போதுதான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சுவரின் வரலாறு இன்னும் கசப்பானது. பேறு அடைபட்டு நாள்கணக்கில் நீண்டால், குழந்தையின் தலை அழுத்தி இரத்தமோட்டம் நின்று, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவிலுள்ள சதை செத்து உதிரும். உடம்பு வைக்காத ஒரு வாசல் அங்கே திறந்துகொள்ளும். பிறகு இரவும் பகலும் சிறுநீர் தானாக ஒழுகும். எகிப்து அரசன் மென்டுஹோடெப்பின் துணைவியரில் ஒருத்தி ஹென்ஹெனிட். நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவள் பதனுடலை ஆராய்ந்த டக்ளஸ் டெர்ரி, இடுப்பு குறுகியிருப்பதையும் சிறுநீர்ப்பை யோனிக்குள் கிழிந்திருப்பதையும் 1935இல் எழுதினார். துட்டன்காமனின் உடலை ஆராய்ந்தவரும் இவரே.

இந்தக் கிழிசலை மூடும் அறுவையைப் பெயர்பெறச் செய்தவர் அமெரிக்காவின் மரியன் சிம்ஸ். 1840களில் அலபாமாவில், அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்தில்லாமல் பல ஆண்டுகள் முயன்றார். அனார்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்காவுக்கு முப்பது முறை அறுவை நடந்தது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது.

1959இல் எத்தியோப்பியாவுக்கு வந்த மருத்துவத் தம்பதி ரெஜினால்டும் கேத்தரின் ஹாம்லினும் 1974இல் அடிஸ் அபாபாவில் இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கட்டினார்கள். அதற்கு முன்பே, 1960களில் அவர்களிடம் சிகிச்சைக்கு வந்த கிராமத்துப் பெண் மமீட்டு கஷே. எழுதப் படிக்கத் தெரியாது. உடல் தேறி வந்தபோது அங்கேயே படுக்கை விரிக்கவும், அறுவை அறையில் கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் தொடங்கினார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தையல் கற்றார். பிறகு அவரே கிழிசல்களை மூடும் அறுவை மருத்துவரானார். வெளிநாட்டிலிருந்து அந்த வேலையைக் கற்க வந்த மருத்துவர்கள் அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.